மீந்த சோறு யாருடையது?



கல்மண்டபம் மார்க்கெட்டில் விளக்கு வைத்த பிறகு நடக்கும் வியாபாரத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். காலையில் எடை போட்டு விற்ற கத்திரிக்காயும் தக்காளியும் இராத்திரி எட்டு மணி நெருங்கும்போது கூறு கட்டி வைக்கப்படும். காம்பு வாடியது, ஒரு பக்கம் நசுங்கியது, புழு விழுந்த இடத்தை வெட்டி எறிந்தால் மீதி நன்றாயிருப்பது, எல்லாம் ஒரே கூறில் சேரும். "மொத்தமா அள்ளிக்கினு போம்மா, நானும் கடையைக் கட்டணும்" என்பாள் விற்கிறவள். அந்த நேரத்துக்காகவே காத்திருந்து பையை எடுத்துக்கொண்டு வருகிற தாய்மார் நம் பகுதியில் பலர் உண்டு. மீனிலும் அப்படியே. விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் போன மீனுக்கு ஒரு விலை. அதே மீன் வெயிலேறி ஐஸ் உருகிய பிறகு தெருமுனைக் கூடையில் கிடக்கும்போது வேறு விலை.

இப்படி வாங்கி, இப்படிச் சமைத்து, சமைத்ததில் மீந்ததையும் மறுநாளைக்கு வேறு உருவில் பரிமாறுகிறவளைச் சிக்கனக்காரி என்று சிலர் மெச்சுவார்கள். கருமி என்று சிலர் சிரிப்பார்கள். இந்த வாரம் நாம் கேட்க விரும்புவது மெச்சுதலையும் சிரிப்பையும் பற்றியதல்ல. மீந்த உணவை வீணாக்காமல் உண்பது மெய்யாகவே ஒரு புண்ணியமா? அல்லது வெறும் வீட்டுக் கணக்கா? புண்ணியமென்றால், அதனால் யாருக்கு நன்மை?

கேள்வி எளிதுபோல் தோன்றும். ஆனால் தட்டில் சோற்றை விட்டெழும் பிள்ளையிடம், "எத்தனையோ பேர் பட்டினி கிடக்கிறார்கள், நீ வீணாக்குகிறாயே" என்று நாம் அதட்டும்போது, விவரமறிந்த பிள்ளையானால், "நான் இதைத் தின்றுவிட்டால் அவர்கள் பசி தீர்ந்துவிடுமா?" என்று திருப்பிக் கேட்கும். துடுக்கு என்று சொல்லி வாயை அடைப்பது சுலபம். பதில் சொல்வது சிரமம். ஏனெனில் பிள்ளை சொல்வது சரி. நம் வீட்டுத் தட்டில் மீந்த ஒரு கைப்பிடிச் சோற்றை நாம் விழுங்கினாலும் விழுங்காவிட்டாலும், தண்டையார்பேட்டையில் அடுப்பெரியாத வீட்டில் அடுப்பு எரியப் போவதில்லை.

சரித்திரமும் பிள்ளையின் பக்கத்தில்தான் நிற்கிறது. 1876-ம் ஆண்டு முதல் 1878-ம் ஆண்டு வரை மதராஸ் மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தை நம் பாட்டனார்கள் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். இலட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். அந்நாளில் இதே மதராஸ் கடற்கரையில், கப்பலில் வந்திறங்கிய தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. தானியம் இருந்தது, வாங்கக் காசில்லை, கொண்டுபோய்ச் சேர்க்க வழி போதவில்லை, கொடுக்க மனமும் குறைவாயிருந்தது. 1877-ம் ஆண்டில் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நாள் முழுதும் கல்லுடைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். மாகாணத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் இது உயிரைப் போக்கும் அளவு என்று வாதாடினார். கவனியுங்கள்: டெம்பிளும் தாம் செய்வதைச் சிக்கனம் என்றே எண்ணினார். பிறருடைய வயிற்றில் செய்யப்படும் சிக்கனத்துக்கு அவர் பெயர் இன்றும் சரித்திரப் புத்தகங்களில் நிற்கிறது.

ஆகையால் பசிக்குக் காரணம் நம் வீட்டு மிச்சம் அன்று; கூலியும் விலையும் அதிகாரமும் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் மீந்த சோற்றைக் குப்பையில் கொட்டினால்தான் என்ன? "காசு கொடுத்து வாங்கினேன், என் சோறு, தின்பேன், கொட்டுவேன்" என்று ஒருவர் சொன்னால் என்ன மறுமொழி?

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் பொருள்களைப் பற்றி இரண்டு காரியங்களைப் பிரித்துப் பேசுகிறார். ஒரு பொருளைத் தேடவும் பராமரிக்கவும் மனிதனுக்குச் சொந்த உரிமை உண்டு. ஆனால் அதை அனுபவிக்கும் விஷயத்தில் அது தனக்கு மாத்திரம் உரியதுபோல் நடக்கலாகாது, தேவைப்பட்டவனோடு பகிர்ந்துகொள்ள ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இதை நம் சமையலறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். நாம் கொடுத்த காசு சோற்றை உண்ணும் உரிமையைத் தந்தது. யாருக்கும் உதவாமல் அழிக்கும் உரிமையையும் அந்தக் காசு சேர்த்து வாங்கிவிட்டதா? ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வயலுக்கு வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2019-ம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற ஏரிகளெல்லாம் வறண்டு, நாம் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோமே, அந்தத் தண்ணீருக்கு அரிசிக் கடைக்காரர் விலை போட்டாரா? நாற்று நட்டவளுக்குக் கிடைத்த கூலி அவள் முதுகு வலிக்கு ஈடாகுமா? விலைச்சீட்டில் ஏறாத பல காரியங்கள் அந்தக் கைப்பிடிச் சோற்றில் இருக்கின்றன. காசு கொடுத்தாயிற்று என்பது உண்மைதான். முழுக் கடனும் தீர்ந்துவிட்டது என்பது உண்மையல்ல.

இன்னொன்று. கொட்டிய சோறு மாயமாய் மறைந்துவிடுவதில்லை. அது எங்கே போகிறதென்று தென்சென்னை நண்பர்களுக்குத் தெரியாமலிருக்கலாம், நமக்குத் தெரியும். கொடுங்கையூருக்குப் போகிறது. பல தலைமுறையாக மேடாகிய அந்தக் குப்பையின் பக்கத்தில் குடியிருப்பவர்கள் நம் ஜனங்கள், நம் உறவினர், நம் பிள்ளைகளோடு படிக்கிற பிள்ளைகள். காற்றுப்படாமல் குப்பைக்குள் புதைந்து அழுகும் உணவிலிருந்து மீத்தேன் என்ற வாயு உண்டாகிறது. அது வானத்தைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு கடியது. குப்பை மேட்டில் தீப்பற்றினால் அணைவதற்கு நாளாகிறதற்கும் அவ்வாயு ஒரு காரணம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, 2022-ம் ஆண்டில் உலகம் வீணாக்கிய உணவு ஏறக்குறைய 105 கோடி டன். அதில் ஐந்தில் மூன்று பங்கு ஓட்டல்களிலும் கடைகளிலுமல்ல, வீடுகளில் வீணானது. இந்தியாவில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்கிறார்கள். இது தோல், முள், எலும்பு முதலியவற்றையும் சேர்த்த உத்தேசக் கணக்கு. அப்படியே வைத்துக்கொண்டாலும் சிறிதன்று. பிள்ளையின் கேள்விக்கு இப்போது பாதிப் பதில் சொல்லலாம்: "நீ தின்றால் பசித்தவன் பசி தீராது, ஆனால் நீ கொட்டினால் கொடுங்கையூரில் இருக்கிறவன் அதை மூச்சில் சுமப்பான்."

மறுபாதிப் பதிலுக்குச் சுவிசேஷத்தைப் பார்க்க வேண்டும். அப்பங்கள் பலுகிய அற்புதத்தை எல்லோரும் அறிவோம். அவை வாற்கோதுமை அப்பங்கள், அதாவது ஏழைகளின் அப்பங்கள் என்றும், தொட்டுக்கொள்ள இரண்டு மீன்கள் இருந்தன என்றும் அர்ச். அருளப்பர் எழுதுகிறார். ஐயாயிரம் பேர் திருப்தியாய் உண்டபிறகு, மீந்த துண்டுகளை வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார் சேசுநாதர். பன்னிரண்டு கூடை நிறைந்தது. ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் போதுமாக்க வல்லவருக்கு அந்தத் துண்டுகள் எதற்கு? நாளைக்கு வேண்டுமானால் நாளைக்கும் பலுகச் செய்யலாமே. பற்றாக்குறையினால் அவர் அப்படிக் கட்டளையிடவில்லை என்பது தெளிவு. இருக்கிறவன் வீணாக்கலாம், இல்லாதவன் சிக்கனமாயிருக்க வேண்டும் என்ற உலக நியாயத்தை அந்தக் கட்டளை தலைகீழாக்குகிறது. சிக்கனம் ஏழையின் தலைவிதி என்றே நாம் நினைக்கிறோம். சம்பளம் உயர்ந்தால் முதலில் விட்டுவிடுவது பழைய சோற்றைத்தான். மீந்ததை மதிப்பது வசதியுள்ளவனுக்கே முதற்கடமை என்று அந்தப் பன்னிரண்டு கூடையும் சொல்லுகின்றன.

சேர்த்த கூடைகளை யார் தின்றார்கள் என்று அருளப்பர் எழுதவில்லை. அந்தக் கேள்வியில்தான் நம் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது.

சின்னக்குறிப்பிடத்தில் படித்த ஏழு தலையான பாவங்களையும் அவற்றுக்கு எதிரான புண்ணியங்களையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். போசனப்பிரியத்துக்கு எதிர் மட்டசனம். உலோபித்தனத்துக்கு எதிர் உதாரம். சிக்கனமான சமையற்காரி இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்கிறாள். வேண்டிய அளவு சமைத்து, மீந்ததை மதித்து உண்ணும்போது அவள் மட்டசனத்தின் வீட்டில் இருக்கிறாள். ஆனால் மிச்சப்படுத்துவதே இன்பமாகி, வந்த விருந்தாளிக்கு இன்னொரு கரண்டி சோறு போடக் கை நடுங்கத் தொடங்கினால், அவள் தன்னையறியாமல் உலோபித்தனத்தின் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் பானை துடைத்து வைக்கப்பட்டிருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? மிச்சம் பிடித்தது எங்கே போயிற்று என்று கேட்டால் தெரிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. துறைமுகத்தில் தினக்கூலிக்கு மூட்டை தூக்குகிறவரின் வீட்டில் மிச்சம் பிடித்த காசு பள்ளிக்கூடச் செலவுக்கும் வட்டிக்கடனுக்கும் போகிறதென்றால், அதுவே போதுமான தர்மம். அவளிடம் போய், ஏழைகளுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்க நமக்கு நியாயமில்லை. கேள்வி மற்றவர்களுக்கு, அதாவது கூறு காய் வாங்கி மிச்சம் பிடித்ததை நகைச்சீட்டில் போடுகிறவர்களுக்கு. சுத்தபோசன நாளில் ஆட்டிறைச்சியை விட்டுவிட்டு, அதைவிட விலையுயர்ந்த வஞ்சிரத்தை வாங்கி வறுத்து, பரித்தியாகம் செய்ததாக எண்ணிக்கொள்கிறவர்களும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது.

நம் ஊர்களில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. உலைவைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போட்டுவிடுவாள் வீட்டுக்காரி. மாதக் கடைசியில் அது கோவிலுக்கோ ஏழை வீட்டுக்கோ போகும். இதிலுள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிடியை எடுப்பது சாப்பிட்ட பிறகல்ல, சமைப்பதற்கு முன்பு. மீந்தது ஏழைக்கு என்றில்லை. ஏழையின் பங்கு முதலில், குடும்பத்தின் பங்கு பிறகு, மீந்ததோ குடும்பத்துக்கே. இந்த வரிசையை வைத்துக்கொண்டால் சிக்கனமும் தர்மமும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். பழையதை உண்பதனால் நாளைக்கு ஒரு படி குறைவாக வடிக்கலாம். குறைத்த படியில் ஒரு பிடி அயலானுக்குப் போகலாம். பிள்ளையின் கேள்விக்கு முழுப் பதில் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. தட்டுச் சோறு பசித்தவனிடம் போகாது. ஆனால் நாளைய உலையிலிருந்து ஒரு பிடி போகும், நாம் அனுப்பினால்.

தத்துவம் பேசிக்கொண்டே போனால் தாய்மார் பத்திரிகையைக் கீழே வைத்துவிடுவார்கள். அடுப்பங்கரைக்கு வருவோம்.

நம் ஜனங்களுக்கு மீந்ததை ஆளத் தெரியும். சோறு மீந்தால் தண்ணீர் ஊற்றி வைப்பதும், காலையில் நீராகாரத்தை உப்புப் போட்டுக் குடித்துப் பழையதற்குச் சின்ன வெங்காயமோ சுட்ட கருவாடோ கடித்துக்கொள்வதும் சொல்லித்தர வேண்டியவையல்ல. அதிகமாய் மீந்துவிட்டால் மிளகாய், சீரகம், உப்புச் சேர்த்தரைத்து மொட்டைமாடியில் வடகமாகப் பிழிந்து காயவைக்கலாம். மாவு புளித்துவிட்டால் வெங்காயத்தை நறுக்கிப்போட்டு ஊத்தப்பம், அதற்கும் மிஞ்சினால் பணியாரம். காலை இட்லி மாலையில் உப்புமா. கலியாண வீட்டில் மீந்த குழம்பும் கூட்டும் பொரியலும் ஒரே சட்டியில் வற்றி மறுநாள் சுண்டக்கறியாகிறபோது, கலியாணச் சாப்பாட்டைவிட அதுவே ருசி என்பவர்கள் உண்டு. நாமும் அந்தக் கட்சி. பீர்க்கங்காய்த் தோலில் துவையல், முள்ளங்கி இலையில் பொரியல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு, வஞ்சிரத்தின் தலையில் குழம்பு என்று எறிகிறதில் பாதியை நம் பாட்டிமார் சட்டியில் ஏற்றினார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும். அப்போது பானைக்குள்ளிருந்து வெளிவரும் நெத்திலிக் கருவாடு, மலிந்த காலத்தில் விலைபோகாத மீனை உப்பிட்டுக் காப்பாற்றியவளின் விவேகம்.

பழைய சோற்றைப் பற்றி ஒரு செய்தி. நம் பக்கத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வயதானவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லுவார்கள். ஹைதர் அலியின் படையெடுப்பைத் தொடர்ந்த பஞ்சத்தில், 1782-ம் ஆண்டை ஒட்டி, பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வந்த பெயர் அது. அதே ஆஸ்பத்திரியின் மருத்துவர்கள் 2021-ம் ஆண்டில், குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எவ்வளவு பயன்படும் என்று ஆராயும் வேலையைத் தொடங்கினார்கள். கஞ்சித்தொட்டியில் தொடங்கி நீர்ச்சோற்றுக்கு வந்து நிற்கிறது. ஏழையின் சாப்பாடென்று நம் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பதைப் படித்த வைத்தியர்கள் அளந்து பார்க்கிறார்கள்.

ஆனால் எல்லா மீதியும் உண்ணத்தக்கதல்ல. இதைச் சொல்லாமல் சிக்கனத்தைப் போதிப்பவன் பாதகம் செய்கிறான். வடித்த சோற்றை வெறுமனே மணிக்கணக்கில் வெளியே வைத்தால், சமையல் சூட்டிலும் சாகாத ஒருவகைக் கிருமி அதில் பெருகி நஞ்சைக் கக்கும். பிறகு எவ்வளவு சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே சோறு ஆறின உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும் அல்லது குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பழையதை மறுநாள் காலையிலேயே முடித்துவிட வேண்டும். மீனில் இன்னும் கவனம் வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை ஐஸில்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. தின்றவுடன் நாக்கு சுருக்கென்று எரியும், முகம் சிவக்கும், தலை வலிக்கும். புளி ஊற்றிக் கொதிக்கவைத்தாலும், உப்பிட்டுக் கருவாடாக்கினாலும் அது நீங்காது. மலிவான கூறு என்று அந்த மீனை வாங்கி ஆஸ்பத்திரிக்குச் செலவழிப்பது எந்தப் புண்ணியத்திலும் சேராது. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையும், பச்சை நிறம் பாய்ந்த உருளைக்கிழங்கும் அப்படியே. கெட்டுப்போனதை எறிவது வீணாக்குவதல்ல. வீணாக்கியது முன்பே நடந்துவிட்டது, கெடவிட்ட அந்த நேரத்தில்.

கூறு வாங்குவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பத்து ரூபாய்க்கு ஐந்து கிலோ தக்காளி என்றால் வாங்கத்தான் தோன்றும். வீட்டுக்கு வந்து அன்றைக்கே வெட்டித் தொக்காக்கினால் சரி. மூலையில் வைத்து மூன்றாம் நாள் கொட்டினால், கடைக்காரர் குப்பையை நாம் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறோம். குளிர்பெட்டி வந்தபிறகு இந்தக் கேடு அதிகமாகியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மீந்தது கண் முன்னே இருக்கும். இராத்திரிக்குள் ஏதாவது செய்தே தீர வேண்டும். இப்போது சிறு சிறு கிண்ணங்களில் மூடிப் பெட்டியின் பின்தட்டில் வைத்து, மனச்சாட்சியையும் சேர்த்து மூடிவிடுகிறோம். பத்து நாள் கழித்து எடுத்துக் கொட்டும்போது, "கெட்டுவிட்டதே, என்ன செய்வது" என்று நியாயமும் கிடைத்துவிடுகிறது.

இப்போது நாம் எழுதத் தயங்கிய காரியத்துக்கு வருகிறோம். வீட்டில் மீந்ததை யார் உண்கிறார்கள்?

வாசகரே, நீங்கள் குடும்பத் தலைவரானால் இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். சுடச்சுடச் சோறு உங்களுக்கு. மீன் குழம்பின் நடுத்துண்டு பெரிய பையனுக்கு. எல்லோரும் எழுந்த பிறகு, நேற்றைய சோற்றையும் சட்டியின் அடியில் ஒட்டிய குழம்பையும் பிசைந்து உண்கிறவள் யார்? பிள்ளை தட்டில் விட்டதையும் வீணாகக் கூடாதென்று வாயில் போட்டுக்கொள்பவள் யார்? நாம் இவ்வளவு நேரம் புகழ்ந்த சிக்கனம் அநேக வீடுகளில் ஒரே ஒருத்தியின் வயிற்றில் நடத்தப்படுகிறது. அவள் முறையிடுவதில்லை, "எனக்குப் பழையதுதான் பிடிக்கும்" என்றுகூடச் சொல்லுவாள். இருக்கலாம். ஆனால் இருபது வருஷமாக ஒருவருக்குப் பழையதே பிடித்தும் மற்ற நால்வருக்குப் பிடிக்காமலும் இருப்பது இயற்கையான ருசி வித்தியாசம் என்று நம்புவது கடினம்.

தானாக ஏற்றுக்கொண்டால் அது பரித்தியாகம். அதன் பலன் அவளுக்கு உண்டு. வேறு வழியில்லாமல் அவள்மேல் விழுந்தால் அது அநியாயம். அதன் கணக்கு நமக்கு உண்டு. டெம்பிள் துரையைச் சற்றுமுன் கடிந்துகொண்டோம். தன் தட்டில் குறையாமல் அடுத்தவர் தட்டில் குறைப்பதுதான் அவருடைய குற்றமென்றால், ஒரு பவுண்டுக் கணக்கு நம் வீட்டிலும் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டாமா? தீர்வு ஒன்றும் பெரிதல்ல. மீந்ததை முதலில் பரிமாறி எல்லோருக்கும் ஒரு கரண்டி வைத்துவிட்டுப் பிறகு புதியதைப் பரிமாறலாம். நீராகாரத்தைக் குடும்பத் தலைவர் முதலில் குடிக்கலாம். இப்படி ஒரு மாதம் நடந்தால் வீட்டில் மீந்துபோவது தானாகக் குறைந்துவிடும் என்பது நம் அபிப்பிராயம். ஏனெனில் பழையதைத் தானும் தின்ன வேண்டுமென்று தெரிந்தவுடன், "இன்னும் கொஞ்சம் கூடச் சமைத்தால் என்ன" என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

இதே அளவுகோலை வீட்டுக்கு வெளியேயும் வைத்துப் பார்க்கலாம். மீந்ததைப் பிறருக்குக் கொடுப்பதைப் பற்றி நம்மில் இரண்டு கட்சி உண்டு. எச்சில் கலந்த மிச்சத்தை ஏழைக்குக் கொடுப்பது அவனை அவமதிப்பது என்பது ஒன்று. பசித்தவனுக்கு மானத்தைவிடச் சோறு பெரிது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையுண்டு. நம் சொந்தத் தம்பி வந்தால் அவனுக்குப் போடத் துணியாததை வாசலில் வந்தவனுக்குப் போடக்கூடாது என்று வைத்துக்கொண்டால் தகராறு ஏறக்குறைய தீர்ந்துவிடும். தனவான் மேசையின் துணுக்கைகளுக்கு ஏங்கிக் கிடந்த லாசரை நினையுங்கள். துணுக்கை விழவில்லையே என்பதல்ல அங்கே பெரிய குறை. கதவுக்கு வெளியே கிடந்தவனை மேசைக்கு ஒருவரும் அழைக்கவில்லை. காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர் 2013-ம் ஆண்டு ஜூன் மாதம், எறியப்படும் உணவு ஏழையின் மேசையிலிருந்து திருடப்பட்டதற்குச் சமானம் என்ற கருத்தைச் சொன்னபோது பலர் அது மிகைப்பேச்சு என்றார்கள். லாசரின் பக்கத்திலிருந்து பார்த்தால் மிகையாகத் தோன்றாது.

மரியாதையாகக் கொடுப்பதற்கு இக்காலத்தில் வழிகளும் இருக்கின்றன. 2013-ம் ஆண்டில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்து ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்தபோது, அந்த ஒரு ரூபாய்தான் அதன் அழகு. உண்டவன் வாங்கி உண்டான், ஏந்தி உண்ணவில்லை. பெசன்ட் நகரில் 2017-ம் ஆண்டில் ஆத்திசூடியிலிருந்து பெயரெடுத்து ஒரு பொதுக் குளிர்பெட்டி வைத்தார்கள். நல்ல உணவை வைக்கிறவர் வைக்க, வேண்டியவர் யாரிடமும் கேளாமல் எடுத்துக்கொள்வது ஏற்பாடு. கோயம்புத்தூரில் 2014-ம் ஆண்டில் தொடங்கிய "நோ ஃபுட் வேஸ்ட்" என்ற சேவை நிறுவனம் கலியாண மண்டபங்களில் மீந்ததை எடுத்துப் பசித்தவர்களிடம் சேர்க்கும் வேலையைச் செய்கிறது. மீந்த உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே 2019-ம் ஆண்டில் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் விதிகள் செய்திருக்கிறது. இலையில் பரிமாறியதை அல்ல, பாத்திரத்தில் தொடாமல் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும். கெடுவதற்கு முன் கொடுக்க வேண்டும்.

கெடுவதற்கு முன் என்பதில்தான் நம் வீட்டுக் கலியாணங்கள் தவறுகின்றன. ஞானஸ்நான விருந்து, புதுநன்மை விருந்து, வரவேற்பு என்று மண்டபத்தில் நானூறு பேருக்குச் சொல்லிவிட்டு முந்நூறு பேர் வந்தால், நூறு பேர் சாப்பாடு அண்டாவில் நிற்கும். அது மீறும் என்று சமையற்காரருக்கு இரண்டாம் பந்தி உட்காரும்போதே தெரியும். அவர் வாய் திறக்கமாட்டார். நாம் கேட்கவும் மாட்டோம், குறைந்துவிட்டால் மானம் போய்விடுமே என்ற பயம். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் உண்டு, போட்டோ பிடித்து, மொய் எண்ணி, மண்டபத்துச் சாவியைக் கொடுக்கும்போதுதான் அண்டாவின் நினைவு வரும். ஆகையால் அடுத்த விருந்துக்கு முன் இதைச் செய்யுங்கள்: கணக்குத் தெரிந்த ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ இந்த ஒரு வேலைக்கென்றே நியமித்து, இரண்டாம் பந்தியில் சமையற்காரரிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்குப் போன் செய்தால் சோறு சூடாகப் போய்ச் சேரும். பதினொன்றரைக்குச் செய்தால், மூடியைத் திறக்கும்போதே புளித்த வாடை அடிக்கிற சாம்பாரைத்தான் நாம் கொடுக்க முடியும்.